அங்கீகரிக்கப்பட்ட உறுப்புகள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு மனித உடல் முழுமை அடைந்தது.

அதற்கு முன்பும் மனிதர்கள் இருந்தார்கள். உண்டார்கள், உறங்கினார்கள், சிலர் நூறு வயதைக்கூடத் தொட்டார்கள். ஆனால் அவர்களுடைய உறுப்புகள் எதற்கும் முறையான ஒப்புதல் இருக்கவில்லை. யாரும் கேட்காமலேயே இதயம் துடித்தது. எந்த உத்தரவும் இல்லாமல் கல்லீரல் சுரந்தது. இந்த ஒழுங்கின்மையை முடிவுக்குக் கொண்டுவந்தது எங்கள் மருத்துவக் கல்லூரி. அந்தத் தீர்மானத்தை எழுதிய கை என்னுடையது.

நான் மருத்துவன் இல்லை. கல்லூரி அலுவலகத்தின் கண்காணிப்பாளன். உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியும். என்ன இருக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

எங்களிடம் அதுவரை உடற்கூறியல் கற்பிக்க ஒரு பிளாஸ்டிக் மனிதர் இருந்தார். தலையிலிருந்து இடுப்புவரை. அதற்குக் கீழே உள்ளதை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அந்த அடுத்த ஆண்டு இன்னும் வரவில்லை. வயிற்றை மூடிபோலக் கழற்றலாம். உள்ளே இருந்த உறுப்புகள் சில நாளடைவில் மற்றத் துறைகளுக்கு மாற்றலாகிப் போயிருந்தன. ஒரு சிறுநீரகம் நூலகத்தில் தாள்கள் பறக்காமல் பார்த்துக்கொண்டது. மண்ணீரல் கணினி அறையின் கதவிடுக்கில் இருந்தது. வகுப்பு நேரத்தில் மாணவர்கள் அவரைச் சுற்றி நிற்பார்கள். முன்வரிசை வயிற்றைப் பார்க்கும். பின்வரிசை முன்வரிசையின் முதுகைப் பார்க்கும். முதுகும் பாடத்தில் உள்ளதுதான் என்பார் துறைத்தலைவர்.

இந்த அமைதியைக் கலைத்தவர் புதிதாக வந்த பெண் விரிவுரையாளர். கல்லூரி முதல்வரின் அறைக்கு வந்து கைபேசியை மேசைமேல் வைத்தார். திரையில் ஒரு முழு மனிதன் நின்றான். அந்த அம்மாள் விரலால் தள்ளினார். தோல் போயிற்று. இன்னொரு தள்ளு. தசைகள் போயின. நுரையீரலை இரண்டு விரலால் விரித்து உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தார்.

“கட்டற்ற மென்பொருள் சார். பல நாட்டு ஆளுங்க சேர்ந்து செஞ்சது. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். நம்ம பழைய கணினியிலயும் ஓடும், போன்லயும் ஓடும். பெரிய புத்தகம் வாங்க முடியாத பிள்ளைங்ககூட ஒரு முழு உடம்பைக் கையில வெச்சுப் படிக்கலாம்.”

“என்ன விலை?” என்றார் முதல்வர்.

“விலையே இல்ல சார்.”

முதல்வர் முகம் வாடியது. “விலை இல்லன்னா எப்படிம்மா வாங்கறது?”

“வாங்க வேண்டாம் சார். எடுத்துக்கலாம்.”

“எடுத்துக்கறதா? இது என்ன, பந்தியா?”

நான் குறுக்கிட்டேன். “விதிப்படி மூணு விலைப்புள்ளி வேணும் சார்.”

மூன்று கணினிக் கடைகளிலிருந்து விலைப்புள்ளி வந்தது. மூன்றிலும் பூஜ்யம். ஒரு கடைக்காரர் ‘வரி தனி’ என்று எழுதியிருந்ததால் நிராகரித்தோம். மீதி இரண்டில் பூஜ்யத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருந்த கடைக்கு ஆணை போனது. கடைக்காரர் ஒரு வெற்றுப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பெட்டியை இருப்பு அறையில் பூட்டி வைத்தோம். விரிவுரையாளர் மாணவர்களின் கைபேசியில் ஏற்கெனவே மென்பொருளை ஏற்றியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆர்வக்கோளாறு.

இத்தோடு விட்டிருந்தால் மனித உடல் பழையபடியே இருந்திருக்கும். ஆனால் அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார்.

“நாமளும் இதுக்குப் பங்களிக்கலாம் சார். பங்களிக்கறவங்க பேரு பட்டியல்ல வரும். உலகம் முழுக்கத் தெரியும்.”

உறுப்புகளின் பெயர்களைத் தமிழில் எழுதிச் சேர்க்கலாம், மங்கலான படங்களைத் தெளிவாக்கலாம் என்று அவர் தொடர்ந்து பேசினார். யாரும் கேட்கவில்லை. ‘பங்களிப்பு’ என்ற சொல்லிலேயே அறை நின்றுவிட்டது. எங்கள் பதவி உயர்வு விதிகளில் அந்தச் சொல் வருகிறது. ‘துறைக்கு ஆற்றிய பங்களிப்பு ஒன்றேனும்.’ துறைத்தலைவர் துணை முதல்வராக வேண்டியவர். பங்களிப்பு இல்லை. முதல்வருக்குப் பதவி நீட்டிப்பு வேண்டும். பங்களிப்பு இல்லை. நான் பதிவாளராக வேண்டியவன். என்னைப் பற்றி நானே என்ன சொல்வது?

‘மனித உடல் மேம்பாட்டுக் குழு’ அமைக்கப்பட்டது. நான் செயலர்.

முதல் கூட்டத்தில் துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார்.

“தோள்ல ஒரு தசை சேர்க்கலாம்னு இருக்கேன்.”

“அங்க இடமே இல்லையே சார்,” என்றார் விரிவுரையாளர்.

“மெல்லிசாதாம்மா. மத்த தசைக்கு இடைஞ்சல் இல்லாம ஓரமா இருந்துட்டுப் போகும்.”

“அப்படி ஒரு தசை உடம்புல இல்ல சார்.”

துறைத்தலைவர் அவரைக் கனிவோடு பார்த்தார். “இருந்தா அது எப்படிம்மா பங்களிப்பு ஆகும்? இருக்கறதையே போட்டா அது காப்பி.”

கூட்டம் தலையசைத்தது. கணினி இயக்குநர் அங்கேயே தசையைப் போட்டார். இடத்தோளில் ஒன்று, வலத்தோளில் ஒன்று. ஆகவே அது இரண்டு பங்களிப்புகள்.

முதல்வர் தசையோடு நிற்கக்கூடியவர் அல்லர். அவருக்கு ஒரு சுரப்பி என்று முடிவாயிற்று. இதயத்துக்கு ஒரு படி மேலே. இயக்குநர் திரையில் ஓர் உருண்டையை வைத்தார்.

“இன்னும் கொஞ்சம் பெருசா,” என்றார் முதல்வர்.

“இதயம் மறையுது சார்.”

“அதனால என்ன? அதுதான் சத்தம் போட்டுக்கிட்டே இருக்கே, இருக்கறது தெரியும். இதைத் தங்க நிறத்துல போடுங்க.”

“சுரப்பிக்கு என்ன வேலைன்னு ஒரு கட்டம் இருக்கு சார். நிரப்பணும்.”

முதல்வர் ஜன்னல் வழியே பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். “மேற்பார்வை,” என்றார்.

பட்டியல் மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு அனுப்பப்பட்டது. பதில் இரண்டு வரியில் வந்தது. பரிந்துரைகளுக்கு நன்றி. இவற்றை எந்த உடலில் பார்த்தீர்கள் என்று சொல்ல முடியுமா?

முதல்வர் கொதித்துப்போனார். “ஆதாரம் கேக்கறாங்களா? என் பதவியைப் போட்டுத்தானே கடிதம் அனுப்பினோம்?”

“கீழயே பெருசா போட்டிருந்தோம் சார்,” என்றேன்.

“பார்த்துமா கேக்கறாங்க?”

வழி கண்டது நான்தான். மென்பொருளின் உரிம விதிகளை முழுதாகப் படித்த ஒரே ஆள் நான். யார் வேண்டுமானாலும் ஒரு படி எடுத்துத் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று அதிலேயே இருக்கிறது. “நம்ம பேருல தனியா ஒரு கிளை தொடங்கிடலாம் சார்,” என்றேன். முதல்வர் எழுந்து என் கையைக் குலுக்கினார். அன்றுமுதல் மனித உடலுக்கு எங்கள் கல்லூரியில் ஒரு கிளை அலுவலகம் ஏற்பட்டது. தலைமையகத்தோடு தொடர்பு துண்டிக்கப்பட்டது.

எல்லோரும் ஏதாவது சேர்த்தார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் கெண்டைக்காலில் ஒரு நரம்பு ஓட்டினார். நூலகர் காதுக்குள் சத்தமில்லாத ஓர் எலும்பு வைத்தார். என் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எதைச் சேர்ப்பது என்று விளங்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றவனுக்கு உடம்பில் இடம் குறைவு.

இந்த இடத்தில் என் அக்கா மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். என் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். வீட்டில் அவளை வாயாடி என்போம். என் மனைவி எங்கள் மகளின் பேறுகாலத்துக்குப் போயிருந்ததால் அப்போது வீட்டில் நானும் வாயாடியும் மட்டும். அவள் கைபேசியில் பழைய உடம்பு இருந்தது. விரிவுரையாளர் முதல் வாரத்தில் ஏற்றிக் கொடுத்தது. சாப்பிட்டுக்கொண்டே அதைச் சுழற்றுவாள்.

ஒரு மாலை அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வயிற்றின் வலப்பக்கம், கீழே, பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு புழு தொங்கியது.

“இது என்ன?”

“குடல்வால் மாமா. அப்பெண்டிக்ஸ்.”

“என்ன வேலை பார்க்குது?”

“பெருசா வேலைன்னு ஒண்ணும் இல்லன்னுதான் ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க. இப்போ என்னன்னா...”

அவள் மேலும் ஏதோ சொன்னாள். நான் முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் வேலை இல்லாதவர்கள் உண்டு. ஆனால் அதை ஊரறியப் புத்தகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

மற்றவர்கள் சேர்த்தார்கள். நான் நீக்குவேன். ஆட்குறைப்பு என் துறை.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் என் முன்மொழிவைப் படித்தேன். ‘எவ்விதப் பணியும் ஆற்றாமல் நெடுங்காலமாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் குடல்வால் என்னும் உறுப்பு, நிர்வாக நலன் கருதி, உடனடியாக நீக்கப்படுகிறது.’

“வேலை செய்யாதவங்களை வெச்சுக்கக் கூடாதுங்கறது நல்ல கொள்கை,” என்றார் முதல்வர். இரண்டு பேர் துறைத்தலைவரைப் பார்த்தார்கள். துறைத்தலைவர் பிஸ்கட்டைப் பார்த்தார்.

விரிவுரையாளர் எழுந்துவிட்டார். “சார், இது விளையாட்டு இல்ல. அது வீங்கினா உடனே கண்டுபிடிச்சு எடுக்கணும். விட்டா வெடிச்சிடும். ஆளு செத்துடுவாங்க. இந்தப் பிள்ளைங்க நாளைக்கு டாக்டர் ஆகப் போறவங்க.”

நான் அமைதியாகக் கேட்டேன். “இல்லாதது எப்படி மேடம் வீங்கும்?”

தர்க்கத்தின் முழு அழகை அன்று உணர்ந்தேன். முதல்வர் மேசையைத் தட்டினார். துறைத்தலைவரும் தட்டினார். கணினி இயக்குநர் ஒரு பொத்தானைத் தட்டினார். புழு மறைந்தது. மணி பதினொன்றேகால்.

விரிவுரையாளர் தன் எதிர்ப்பைக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன். ‘விரிவுரையாளர் தேநீர் அருந்த வெளியே சென்றிருந்தார்.’

அன்று மாலையே சுற்றறிக்கை போனது. அங்கீகரிக்கப்பட்ட உறுப்புகளின் பட்டியலோடு. கல்லூரியிலும் அதைச் சேர்ந்த மருத்துவமனையிலும் இனி எந்தத் தாளிலும் பட்டியலில் உள்ள உறுப்புகளை மட்டுமே குறிப்பிட வேண்டும். மீறி எழுதினால் அத்தாள் செல்லாது. கீழே என் கையெழுத்து. இல்லாதது எப்படி வீங்கும் என்று நான் கேட்டதை அன்றிரவு வாயாடியிடமும் பெருமையாகச் சொன்னேன்.

முதலாண்டு செய்முறைத் தேர்வு அடுத்த வாரம் வந்தது. கல்லூரிக்குத் தானமாக வந்த ஓர் உடல் மேசைமேல் இருந்தது. துறைத்தலைவர் தேர்வாளர். நான் மேற்பார்வைக்குப் போய்ச் சுவரோரம் நின்றிருந்தேன். வாயாடியின் முறை வந்தது.

“முதல்வர் சுரப்பியைக் காட்டு.”

அவள் மார்புக்கூட்டுக்குள் பார்த்தாள். பொறுமையாகப் பார்த்தாள். “இவருக்கு இல்ல சார்.”

“நல்லாத் தேடும்மா. தங்க நிறத்துல இருக்கும்.”

“இல்ல சார். இவரு நம்ம காலேஜ்ல படிக்கல போல.”

அதையும் துறைத்தலைவர் மன்னித்தார். என் அக்கா மகள் என்பதற்காக. ஆனால் குடலின் படத்தை வரையச் சொன்னபோது அவள் வாலோடு வரைந்தாள்.

“அதை அழி.”

“உள்ள இருக்கே சார். பாருங்க, இதோ.” கையுறை போட்ட விரலால் தொட்டுக் காட்டினாள்.

துறைத்தலைவர் பார்க்கவில்லை. பார்த்தால் சாட்சி ஆகிவிடுவார். “தாள்ல இருக்கறதை அழிச்சா போதும். அதை நான் பாத்துக்கறேன்.”

“மாட்டேன் சார்.”

தோல்வி. காரணம்: மிகை உறுப்பு.

அன்று இரவே அக்கா தொலைபேசியில் வந்தாள். “ஏன்டா, வயித்துல இருக்கறத வரைஞ்சதுக்கா என் பொண்ணு ஃபெயிலு?”

“விதின்னு ஒண்ணு இருக்குக்கா.”

“உனக்கு நாலு வயசுல அம்மை போட்டப்ப பக்கத்துல உட்கார்ந்து விசிறிவிட்டேன்டா நான். அப்ப எந்த விதியும் பார்க்கல.”

இதற்குக் கோப்பில் இடமில்லை.

துணைத்தேர்வு இருந்தது. அதிலும் தவறினால் ஓராண்டு போகும். துறைத்தலைவர் கெட்டவர் இல்லை. வாயாடியைக் கூப்பிட்டு ஒரு வழி சொல்லியிருக்கிறார். அந்த உறுப்பு இருக்கிறது என்று குழு உறுப்பினர் யாராவது எழுத்தில் கொடுத்தால் பழைய தாளுக்கே மதிப்பெண் போட்டுவிடுகிறேன் என்று. அவள் வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

“ஒரே ஒரு வரி மாமா. ‘குடல்வால் இருக்கிறது.’ அவ்வளவுதான். கையெழுத்து போடுங்க.”

“என் பங்களிப்பே அது இல்லாததுதான் கண்ணு. அடுத்த வாரம் வெளியீட்டு விழா. அதுல பதிவாளர் பதவி அறிவிக்கறாங்க.”

“எனக்கு ஒரு வருஷம் போயிடும்.”

“நீ அழிச்சுட்டு வரைஞ்சா போகாது.”

“அழிச்சுட்டு வரைஞ்சு டாக்டர் ஆனா, வர்ற ஆளுதான் போயிடுவான்.”

சொந்தம் என்பதற்காக வளைந்துகொடுப்பவன் நான் இல்லை. அதைச் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வாயாடி பேசாத வீடு நிர்வாகத்துக்கு மிகவும் வசதியானது. ஆனால் ஏனோ சாப்பாடு இறங்கவில்லை.

விழா அன்று காலையிலிருந்தே தொப்புளைச் சுற்றி ஒரு வலி. கூட்டங்களின் தேநீர் அப்படி. ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு அரங்கத்துக்குப் போனேன்.

மேடையில் பெரிய திரை. திரையில் எங்கள் உடல். தோளில் கூடுதல் தசைகள், காதில் சத்தமில்லாத எலும்பு, நெஞ்சில் தங்க உருண்டை. மாணவர்கள் கீழே அமர்ந்திருந்தார்கள். விரிவுரையாளர் ஓரமாக நின்றார். ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைகூட இல்லாத பொருளுக்கு இத்தனை பெரிய மலர்மாலை வாங்கியது எங்கள் கல்லூரியாகத்தான் இருக்கும்.

முதல்வர் பேசினார். “எல்லாரும் சேர்த்துக்கிட்டே போறாங்க. சேர்க்கறது சுலபம். எடுக்கறதுக்குத் துணிச்சல் வேணும். நம்ம கண்காணிப்பாளருக்கு அது இருக்கு. இனிமே அவரைக் கண்காணிப்பாளர்னு சொல்லக் கூடாது...”

கணினி இயக்குநர் வயிற்றின் வலக்கீழ்ப் பகுதியைப் பெரிதாக்கினார். திரை முழுவதும் சுத்தம். ஒரு வால் இல்லை. அரங்கம் கைதட்டியது. நான் எழுந்தேன். வலி தொப்புளை விட்டு இறங்கி, திரையில் தெரிந்த அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டாக மடிந்தேன்.

முதல்வரைக் குனிந்து வணங்குகிறேன் என்று அவை நினைத்தது. முதல்வரும் அப்படித்தான் நினைத்தார். “போதும் போதும், எழுந்திருங்க,” என்றார். நான் எழுந்திருக்கவில்லை. “இவ்வளவு பணிவு யாருக்கும் வராது,” என்று ஒலிபெருக்கியில் சொன்னார். கைதட்டல் இரட்டித்தது.

மூன்றாவது வரிசையிலிருந்து வாயாடி ஓடிவந்தாள்.

“எங்க மாமா வலிக்குது?”

காட்டினேன். அழுத்தினாள். பல்லைக் கடித்தேன். சட்டென்று கையை எடுத்தாள். அலறிவிட்டேன்.

“அழுத்தறப்பவிட எடுக்கறப்ப அதிகமா வலிக்குது, இல்ல? காலையில தொப்புள்கிட்ட இருந்துச்சா?”

“தேநீர்தான் கண்ணு...”

“தேநீர் இல்ல மாமா.”

துறைத்தலைவரும் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான குழப்பம். “அந்த இடத்துல வலிக்க முடியாதே. தீர்மானப்படி அங்க ஒண்ணும் இல்லையே.”

மருத்துவமனை கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. நான்கு மாணவர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதல்வரும் துறைத்தலைவரும் விரிவுரையாளரும் வாயாடியும் பின்னால் வந்தார்கள். அறுவை மருத்துவர் ஒரு தடவை தொட்டார். அவர் சுற்றறிக்கை படிக்கும் பழக்கம் இல்லாதவர்.

“அப்பெண்டிக்ஸ். நல்லா வீங்கியிருக்கு. இப்பவே எடுக்கணும், விட்டா வெடிச்சிடும். தாள்ல கையெழுத்து வாங்குங்க. நான் கை கழுவிட்டு வர்றேன்.”

போய்விட்டார். தலைமைச் செவிலியர் சம்மதத் தாளோடு வந்தார். இருபது ஆண்டுச் சேவையில் ஒரு தவறும் செய்யாத அம்மாள். சுவரில் என் சுற்றறிக்கையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தார்.

“என்ன உறுப்பை எடுக்கறோம்னு இங்க எழுதணும். பட்டியல்ல இருக்கற உறுப்பா இருக்கணும். இல்லாததை எழுதினா தாள் செல்லாது. தாள் இல்லாம ஆபரேஷன் தியேட்டருக்குள்ள விடக் கூடாது. ஏழாவது பத்தி.”

ஏழாவது பத்தி நன்றாக வந்திருந்தது. அதை எழுத எனக்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது. அந்த வலியிலும் பெருமையாக இருந்தது.

“அம்மா, அவசரம்,” என்றார் விரிவுரையாளர்.

“அவசரத்துக்கும் பொருந்தும்னு எட்டாவது பத்தியில இருக்கும்மா.”

முதல்வர் முன்வந்தார். “பட்டியல்ல திரும்பச் சேர்க்கணும்னா குழுவைக் கூட்டணும். நாளைக்குக் காலையில வெச்சுக்கலாமா? செயலர் அழைப்பு அனுப்பணும்.” என்னைப் பார்த்தார். “உங்களால முடியுமா?”

துறைத்தலைவருக்கு ஒரு யோசனை. “அவ்வளவு தூரம் எதுக்கு சார்? பட்டியல்ல இருக்கற ஏதாவது ஒண்ணை எழுதிடுவோம். முதல்வர் சுரப்பின்னு போட்டா யாருக்கு என்ன நஷ்டம்?”

“என் சுரப்பியை எடுக்கறதா?” முதல்வர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “பதவி நீட்டிப்பு வர்ற நேரத்துலயா?”

“அப்ப என் தசையில ஒண்ணை...” என்று ஆரம்பித்த துறைத்தலைவர், பாதியில் தன் தோளைத் தடவிக்கொண்டு நிறுத்திவிட்டார்.

எனக்குக் கூரை மங்கியது. வலி, உத்தரவு எதுவும் இல்லாமல், தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இத்தனை நாள் சும்மா இருந்த ஓர் ஊழியன் இப்படி உழைத்து நான் பார்த்ததில்லை.

“நோயாளி எழுதற நிலையில இல்ல,” என்றார் செவிலியர். “உறவுக்காரங்க யாராவது எழுதலாம். ஆனா நோயாளி வாயால சொல்லணும். சுற்றறிக்கையில கையெழுத்து போட்டவரே பேரைச் சொன்னா, பட்டியல்ல இல்லாத உறுப்பும் செல்லும். நான் சாட்சி.”

தாளும் பேனாவும் வாயாடியின் கைக்குப் போயின. அவள் என் தலைமாட்டில் வந்து நின்றாள். மூன்று நாள் பேசாதிருந்தவள். என் நெற்றி வியர்வையை இடக்கையால் துடைத்தாள். அக்காவின் கை போலவே இருந்தது. துறைத்தலைவர் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றார். குழு உறுப்பினர் எழுத்தில் கொடுத்தால் போதும் என்று சொன்னவர். முதல்வர் அவருக்குப் பக்கத்தில். உள்ளே தண்ணீர்க் குழாயின் சத்தம் நின்றது. அறுவை மருத்துவர் கை கழுவி முடித்துவிட்டார்.

“எழுது கண்ணு,” என்றேன். “உனக்குத்தான் தெரியுமே. நீயே எழுதிடு.”

“நானா எழுதினா மிகை உறுப்பு மாமா. நீங்க சொல்லணும்.” பேனாவின் மூடியைக் கழற்றினாள். தாளை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். கோடு காலியாக இருந்தது. “நீங்க என்ன சொல்றீங்களோ அதை அப்படியே எழுதறேன். சொல்லுங்க மாமா, இல்லாதது எப்படி வீங்குச்சு?”